சொல்லிச் செய்வித்த பொருள் தாமதமாக வந்தால்: இணைய நுகர்வோரின் உரிமைகள்

வாங்குபவர் கொடுக்கும் அளவு, வடிவம், பெயர், நிறம் ஆகியவற்றுக்கு ஏற்பத் தனியாகச் செய்து தரப்படும் பொருளைச் 'சொல்லிச் செய்வித்த பொருள்' எனலாம். இத்தகைய பொருளை இணையவழியில் வாங்கும்போது, அது குறித்த நாளுக்குள் வந்து சேராவிட்டால் வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இந்தியாவில் இந்த உரிமைகளுக்கு அடிப்படையானவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, அதன் கீழ் வந்த மின்வணிக விதிகள் 2020, இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, சரக்கு விற்பனைச் சட்டம் 1930 ஆகியவை. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தை, குறிப்பாக நாஞ்சில் நாட்டுப் பகுதியை ஒட்டித் தரப்பட்டுள்ளன.

நாஞ்சில் நாட்டில் சொல்லிச் செய்யும் பொருள்கள்

நாகர்கோவிலில் உள்ள வடசேரி, கோயில் நகைகளுக்குப் பெயர் பெற்றது. தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்துவதற்காகத் தோன்றிய இந்த நகைவகை இன்று பரதநாட்டியக் கலைஞர்களின் அணியாக உலகெங்கும் செல்கிறது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தலைசாமான், சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி, மாட்டல், ஜிமிக்கி, வங்கி, ஒட்டியாணம் என்று இந்த நகைத் தொகுதி விரியும். இவற்றில் ஒட்டியாணம் இடுப்பளவுக்கும், வங்கி கையளவுக்கும் பொருந்த வேண்டும். கெம்புக் கற்களைக் கையால் பதிக்க வேண்டியிருப்பதால் நாள் பிடிக்கும்.

மயிலாடியின் கற்சிற்பங்களும் தோவாளையின் மாணிக்க மாலையும் இவ்வாறே கேட்டவருக்கு ஏற்பச் செய்யப்படுகின்றன. முகூர்த்தப் பட்டு, அதற்கான ரவிக்கை, பெயர் பொறித்த பரிசுப் பொருள்கள், திருமண அழைப்பிதழ், அறைகலன் ஆகியவையும் இந்த வகைதான். இன்று இவற்றுக்குப் புலனம், இன்ஸ்டாகிராம், விற்பனையாளரின் சொந்த இணையதளம், பெரிய சந்தைத் தளங்கள் ஆகிய எல்லா வழிகளிலும் ஆர்டர் போகிறது.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை ஒரு குறிப்பிட்ட நாளுக்காகச் செய்யப்படுகின்றன. அரங்கேற்றம் முடிந்த பிறகு வரும் தலைசாமானும், தாலிகட்டு முடிந்த பிறகு வரும் மாலையும் பொருளாக இருந்தாலும் பயன் போய்விடுகிறது. மறுபுறம், ஒருவரின் அளவுக்குச் செய்ததை விற்பனையாளர் இன்னொருவருக்கு எளிதில் விற்கவும் முடியாது. இந்த இரண்டு உண்மைகளும் மோதும் இடத்தில்தான் தகராறு பிறக்கிறது.

நுகர்வோர் என்பவர் யார்?

2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்தது 1986ஆம் ஆண்டுச் சட்டம். புதிய சட்டத்தின் 2(7) பிரிவு, மின்னணு வழியாக வாங்குபவரும் நுகர்வோரே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முழுப் பணம் கட்டியவர் மட்டுமல்லாமல், முன்பணம் கொடுத்து மீதியைத் தருவதாக ஒப்புக்கொண்டவரும் நுகர்வோர்தான். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவர் இதில் அடங்கமாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அத்தொழிலுக்கென்றே வாங்கிப் பயன்படுத்தினால் அவருக்கு விலக்கு உண்டு.

வாங்கியவர் 18 வயது நிரம்பாத மாணவர் என்றால், அவருக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ புகார் கொடுக்கலாம்.

விற்பவர் வீட்டிலிருந்தே தொழில் செய்பவராக இருந்தாலும், தொடர்ச்சியாக விற்பனை செய்கிறார் என்றால் மின்வணிக விதிகள் அவருக்குப் பொருந்தும். தன்னிடம் உள்ள பழைய பொருளை எப்போதாவது ஒருமுறை விற்கும் தனிமனிதருக்கு அவ்விதிகள் பொருந்தா.

தாமதம் பற்றி விதிகள் சொல்வது

மின்வணிக விதிகள் 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றின் 6ஆம் விதி, சந்தைத் தளங்களில் விற்போரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. பொருளில் பழுது இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்னபடி அல்லது ஒப்புக்கொண்டபடி இல்லாவிட்டாலோ, அறிவித்த நாளைக் கடந்து வந்து சேர்ந்தாலோ, அதைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பித் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தன் சரக்கைத் தானே நேரடியாக இணையத்தில் விற்கும் நிறுவனங்களுக்கு 7ஆம் விதி இதே கடமையை விதிக்கிறது.

இவ்விதிகளில் சொல்லிச் செய்வித்த பொருளுக்கென்று தனி விலக்கு எதுவும் இல்லை. 'இது உங்கள் அளவுக்குச் செய்தது, ஆகவே தாமதமானாலும் திரும்ப எடுக்க மாட்டோம்' என்ற பதிலுக்கு விதியின் வாசகத்தில் ஆதாரம் கிடையாது.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பொருள் சரியாக, சொன்ன நாளில் வந்தபின் 'மனம் மாறிவிட்டது' என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையை இந்தச் சட்டம் பொதுவாகத் தரவில்லை. அது விற்பவரின் கொள்கையைப் பொறுத்தது. 'சொல்லிச் செய்த பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற அறிவிப்பு மனமாற்றத்துக்குச் செல்லும். தாமதத்துக்கும் பழுதுக்கும் செல்லாது.

எதிர்பாராப் பெருந்தடை என்னும் விலக்கு

வெள்ளம், புயல், ஊரடங்கு போன்று விற்பவரின் கட்டுப்பாட்டை மீறிய பெருந்தடையால் தாமதம் ஏற்பட்டால், தாமதத்துக்கான திரும்பப் பெறும் கடமை பொருந்தாது என்று அதே விதி கூறுகிறது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளுடன் நின்றுபோனது. அந்த வாரத்தில் ஒரு பொதி நாகர்கோவிலுக்கு வந்து சேரவில்லை என்றால் விற்பவரைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் 'ஆள் பற்றாக்குறை', 'ஆர்டர் குவிந்துவிட்டது', 'கல் இன்னும் வரவில்லை' போன்றவை தொழிலில் வழக்கமாக வரும் இடர்கள். இவற்றைப் பெருந்தடை என்று சொல்ல இயலாது. பெருந்தடை உண்மையாகவே நேர்ந்திருந்தாலும், தாமதம் அதனால்தான் ஏற்பட்டது என்று காட்டும் பொறுப்பு அதைச் சொல்பவரைச் சாரும். நவம்பர் 30இல் வரவேண்டிய பொருளுக்கு டிசம்பர் 17 வெள்ளம் காரணமாகாது.

எந்த நாளைக் கடந்தால் தாமதம்?

இதை மூன்று நிலைகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, ஒப்புதல் செய்தியிலோ விலைச்சீட்டிலோ நாள் குறிப்பிடப்பட்டிருப்பது. அந்த நாளைக் கடந்தாலே தாமதம். 'வேலை முடிய 20 நாள்' என்று மட்டும் இருந்தால் அது செய்யும் காலமா, கைக்கு வந்து சேரும் காலமா என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு எழுத்தில் பெற வேண்டும். பல தகராறுகளுக்கு இந்த ஒரு குழப்பமே காரணம்.

இரண்டாவது, நாளே குறிப்பிடாதது. அப்போது 'நியாயமான காலம்' என்பதே அளவு. ஒப்பந்தச் சட்டத்தின் 46ஆம் பிரிவும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 36ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. நியாயமான காலம் என்பது பொருளைப் பொறுத்தது. பெயர் பொறித்த பேனாவுக்கு நியாயமான காலம் வேறு, கற்சிலைக்கு வேறு.

மூன்றாவது, காலமே ஒப்பந்தத்தின் உயிராக இருப்பது. திருமணம், அரங்கேற்றம், குடமுழுக்கு போன்ற நாளுக்காகவே வாங்குவதாக விற்பவருக்குத் தெரியும் என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆம் பிரிவின்படி நாள் தவறியதும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வாங்கியவருக்கு வருகிறது. விற்பவருக்குத் தெரிந்திருந்தது என்பதை நிறுவ வேண்டும். ஆகவே ஆர்டர் செய்தியிலேயே 'மே 10 அரங்கேற்றத்துக்கு. ஏப்ரல் 25க்குள் கைக்கு வர வேண்டும்' என்ற ஒரு வரியை எழுதிவிடுவது பெரிய பாதுகாப்பு. பின்னால் இழப்பீடு கேட்கவும் இந்த வரி உதவும். இயல்பாக எழும் இழப்புகளையும், ஒப்பந்தம் செய்யும்போது இருதரப்புக்கும் தெரிந்திருந்த இழப்புகளையும் 73ஆம் பிரிவு கணக்கில் எடுக்கிறது.

தாமதமாக வந்ததை வாங்கிக்கொள்ளலாமா?

பலரும் அறியாத நுட்பம் இங்கே உள்ளது. காலம் உயிராக இருந்த ஒப்பந்தத்தில், நாள் தவறி வந்த பொருளை ஒன்றும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்கான இழப்பீட்டைப் பிறகு கேட்க முடியாது என்கிறது 55ஆம் பிரிவு. ஏற்கும்போதே 'இழப்பீடு கேட்கும் உரிமையை வைத்துக்கொண்டு ஏற்கிறேன்' என்று அறிவித்திருந்தால் மட்டுமே கேட்கலாம். இதற்கு வக்கீல் நோட்டீஸ் தேவையில்லை. மின்னஞ்சலிலோ புலனத்திலோ தேதியுடன் ஒரு செய்தி போதும்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி 18,000 ரூபாய் செலுத்தி நடன நகைத் தொகுதி ஒன்றைச் செய்யச் சொல்கிறார் என்று கொள்வோம். ஏப்ரல் 25க்குள் வரவேண்டியது மே 14 அன்று வருகிறது. மே 10 அன்று நடந்த அரங்கேற்றத்துக்கு 3,500 ரூபாய் வாடகைக்கு நகை எடுத்துச் சமாளித்தார். இப்போது அவர்முன் இரண்டு வழிகள் உள்ளன.

• நகையை ஏற்க மறுத்து, 18,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கலாம். ஒப்பந்தத்தை முறையாக முறித்தவர், அது நிறைவேறாததால் நேர்ந்த இழப்புக்கும் ஈடு கேட்க 75ஆம் பிரிவு இடம் தருகிறது.

• இனிவரும் நிகழ்ச்சிகளுக்கு நகை பயன்படும் என்று கருதினால், எழுத்தில் அறிவித்துவிட்டு அதை வைத்துக்கொள்ளலாம். அப்போது 3,500 ரூபாய் வாடகையை இழப்பீடாகக் கேட்கலாம்.

நகையை வைத்துக்கொண்டு முழு விலையையும் திருப்பிக் கேட்பது நியாயமாகாது. மறுப்பது என்று முடிவு செய்தால் பொருளை அணியவோ பயன்படுத்தவோ கூடாது. பொதியைப் பிரிக்கும்போது காணொளி எடுத்து வைப்பது நல்லது.

ஆர்டரை ரத்து செய்தல்

நாள் தவறும் முன்பே வாங்குபவர் ரத்து செய்தால் நிலைமை வேறு. செய்து முடித்த வேலைக்கு விற்பவர் ஈடு கேட்கலாம். என்றாலும் மின்வணிக நிறுவனம் தானாக ஆர்டரை ரத்து செய்யும்போது அதே போன்ற கட்டணத்தைத் தான் ஏற்காத நிலையில், வாங்கியவரிடம் மட்டும் ரத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 4ஆம் விதி கூறுகிறது.

'தாமதத்துக்கு நாங்கள் எந்த வகையிலும் பொறுப்பல்ல. முன்பணம் எந்நிலையிலும் திருப்பித் தரப்படாது' என்பது போன்ற ஒருதலையான நிபந்தனைகள் பல தளங்களில் உள்ளன. வாங்குபவர் 'ஏற்கிறேன்' என்று அழுத்திவிட்டதாலேயே இவை முடிந்த முடிவு ஆகிவிடா. 2019 ஏப்ரல் 2 அன்று பயனியர் அர்பன் லேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீடு வாங்குவோரிடம் திணிக்கப்பட்ட ஒருதலையான ஒப்பந்த விதிகள் முறையற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பளித்தது. அது வீட்டு வழக்கு என்றாலும் அதன் கருத்து பிற ஒப்பந்தங்களுக்கும் வழிகாட்டுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் 'முறையற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தைத் தனியாகவே வரையறுத்துள்ளது. ஒப்பந்த நிபந்தனையையே செல்லாதது என்று அறிவிக்கக் கோருவோர் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். சென்னையில் உள்ள அந்த ஆணையத்துக்கு மதுரையிலும் அமர்வு உண்டு. பணமும் இழப்பீடும் மட்டும் கேட்போருக்கு மாவட்ட ஆணையமே போதும்.

புகார் செய்யும் படிகள்

1. சான்றுகளைத் திரட்டுக. ஆர்டர் ஒப்புதல், பணம் செலுத்திய விவரம், கொடுத்த அளவுகள், விற்பவர் சொன்ன நாள், தாமதம் பற்றிய உரையாடல், பொதி வந்த நாளைக் காட்டும் பதிவு ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாகவும் அச்சாகவும் வைத்துக்கொள்க. தொலைபேசியில் பேசியதை அன்றே ஒரு செய்தியாக எழுதி அனுப்பி உறுதி செய்துகொள்க.

2. குறைதீர் அலுவலருக்கு எழுதுக. ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் இப்படி ஓர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். என்ன வேண்டும் (பணமா, இழப்பீடா, இரண்டுமா), எந்த நாளுக்குள் வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுக.

3. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கலாம். இது நிறுவனத்துடன் பேசித் தீர்க்க உதவும் அமைப்பு. உத்தரவு போடும் அதிகாரம் இதற்கு இல்லை. ஆனால் பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடுகின்றன.

4. கடன் அட்டை வழியாகச் செலுத்தியிருந்தால், பொருள் வரவில்லை என்று வங்கியிடம் உடனே முறையிடலாம். இதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

5. விற்பவரே போலி, பணம் வாங்கியதும் தொடர்பைத் துண்டித்துவிட்டார் என்றால் அது தாமதமல்ல, மோசடி. உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நாகர்கோவிலில் வழக்குத் தொடுத்தல்

மேற்கண்டவற்றால் பயன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கான ஆணையம் நாகர்கோவிலில் உள்ளது. பழைய சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்தில் அல்லது வழக்குக்குக் காரணமான நிகழ்வு நடந்த இடத்தில்தான் வழக்குத் தொடுக்க முடியும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலும் தொடுக்கலாம் என்று மாற்றிவிட்டது. விற்பவர் சூரத்தில் இருந்தாலும் ஜெய்ப்பூரில் இருந்தாலும் பூதப்பாண்டிக்காரர் நாகர்கோவிலிலேயே வழக்குத் தொடுக்கலாம். இணையவழி வணிகத்துக்கு இந்த மாற்றம் மிக முக்கியமானது.

• செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம் விசாரிக்கும்.

• 5 லட்சம் ரூபாய் வரை நீதிமன்றக் கட்டணம் இல்லை.

• வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும்.

• வழக்கறிஞர் கட்டாயமில்லை. புகார் செய்தவரே வாதாடலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்கலாம்.

• புகாரை இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். 2020இல் தொடங்கிய இ-தாக்கில் தளத்தைத் தொடர்ந்து 2025 முதல் இ-ஜாக்ரிதி தளம் வந்துள்ளது. காணொளி வழியாக விசாரணை நடத்தக் கோரவும் சட்டத்தில் இடம் உண்டு.

• எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மேலும் 15 நாள் வரை மட்டுமே நீட்டிப்பு உண்டு. பொருளைச் சோதிக்கத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் இலக்கு. நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம்.

• ஆணையத்தின் உத்தரவுக்குக் கட்டுப்படாதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 72ஆம் பிரிவு வழிசெய்கிறது.

செலுத்திய பணம், அதற்கு வட்டி, நேரடி இழப்பு, மன உளைச்சலுக்கு ஈடு, வழக்குச் செலவு ஆகியவற்றை ஆணையம் வழங்கலாம். நிலையான தொகை கிடையாது. சிறு தொகை வழக்குகளில் பெரும் இழப்பீடு எதிர்பார்ப்பது சரியல்ல. 2025இல் அகமதாபாத் நுகர்வோர் ஆணையத்தில் முடிந்த ஒரு வழக்கு இதைக் காட்டும். உறவினர் திருமணத்துக்காக ஒரு பெண் தைக்கக் கொடுத்த ரவிக்கையைத் தையற்காரர் நாளுக்குள் தரவில்லை. அவர் செலுத்திய 4,395 ரூபாயை 7 சதவீத வட்டியுடன் திருப்பித் தரவும் தனியே இழப்பீடு தரவும் உத்தரவானது. அது நேரில் கொடுத்த ஆர்டர். எனினும் சொல்லிச் செய்விக்கும் வேலையில் நாள் தவறுவது சேவைக் குறைபாடு என்ற கொள்கை இரண்டுக்கும் ஒன்றே.

வாங்குபவரின் கடமையும் கைவினைஞரின் நிலையும்

அளவை அனுப்ப 10 நாள் தாமதித்தவர், வடிவத்தை நடுவில் மாற்றியவர், மாதிரிப் படத்துக்கு ஒப்புதல் தராமல் இருந்தவர் ஆகியோர் முழுத் தாமதத்தையும் விற்பவர்மேல் சுமத்த முடியாது. ஒருவர் தன் பங்கைச் செய்தால்தான் மற்றவர் தன் பங்கைச் செய்ய முடியும் என்ற நிலையில், முதலாமவர் தவறினால் அவர் மற்றவரிடம் நிறைவேற்றம் கேட்க முடியாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 54ஆம் பிரிவு.

34ஆம் பிரிவு இருபுறமும் வெட்டும். வடசேரியில் இருந்து தில்லிக்கு நகை அனுப்பும் பொற்கொல்லர்மேல் தில்லியில் வழக்கு வரலாம். ஆகவே சிறு கைவினைஞருக்கும் சில பாதுகாப்புகள் தேவை. முடிக்கக்கூடிய நாளையே சொல்ல வேண்டும். நாள் கணக்கு எப்போது தொடங்குகிறது (முன்பணம் வந்ததிலிருந்தா, அளவு வந்ததிலிருந்தா) என்பதை எழுத வேண்டும். தாமதம் வரும் என்று தெரிந்தவுடனே தெரிவித்து, காத்திருப்பதா பணத்தைப் பெறுவதா என்று வாங்குபவரிடம் கேட்க வேண்டும். சந்தைத் தளத்தின் வழியாக விற்கும்போது, கைவினைஞர் 25 நாள் கேட்டிருக்கத் தளம் 15 நாள் என்று காட்டினால் அதை உடனே திருத்தச் சொல்ல வேண்டும்.

பிற நாடுகளில்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை, தொலைவிலிருந்து வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்ப உரிமை தருகிறது. சொல்லிச் செய்வித்த பொருளுக்கு இந்த உரிமை இல்லை. ஆனால் தாமதம் பற்றிய பகுதியில் அத்தகைய விலக்கு இல்லை. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள் பொருள் சேர வேண்டும். நாள் முக்கியம் என்று முன்பே தெரிவித்திருந்தால், தவறியதும் ஒப்பந்தத்தை முறிக்கலாம். அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, நாள் சொல்லாத விற்பனையாளர் பொதுவாக 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாதபோது வாங்குபவருக்குத் தெரிவித்து, ரத்து செய்து பணம் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். மனமாற்றம் வேறு, தாமதம் வேறு என்ற பிரிவினை ஐரோப்பிய நெறிமுறையில் வெளிப்படையாகவே உள்ளது. இந்திய விதிகளைப் படிக்கும்போதும் அதே பிரிவினையை மனத்தில் கொண்டால் குழப்பம் வராது.

சுருக்கம்

• ஆர்டர் கொடுக்கும்போதே விழா நாளையும் பொருள் வேண்டிய நாளையும் எழுதுக.

• விற்பவர் சொன்ன நாள் கடந்தால், சொல்லிச் செய்வித்த பொருளாயினும் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். உண்மையான பெருந்தடை மட்டுமே விலக்கு.

• தாமதமாக வந்ததை ஏற்பதானால், இழப்பீட்டு உரிமையை எழுத்தில் அறிவித்துவிட்டு ஏற்க.

• குறைதீர் அலுவலர், 1915, மாவட்ட ஆணையம் என்ற வரிசையில் செல்க. 2 ஆண்டுக் கால வரம்பை மறவாதிருக்க.